உன்ற இஷ்டம்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

செம்புக் கம்பி வாங்குகிற கடையில் ஜனவரியில் ஓசியாகக் கொடுத்த டைரி இது. முதல் பக்கத்தில் ‘இனி தினமும் எழுத வேண்டும்’ என்று எழுதியிருக்கிறேன். அதற்கப்புறம் நேற்று வரை காலி. இன்று மறுபடி பேனாவை எடுத்ததற்கு டாக்டர்தான் காரணம். பிரஷர் ஏறியிருக்கிறதாம். மனசுக்குள் எதையாவது அடக்கி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அப்படியானால் அந்த ஒன்றுமில்லாததை எழுதி வையுங்கள் என்றார்.

பெயர் சென்னியப்பன். பல்லடத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு வரை. பாஸ் வரை என்று சொல்ல முடியாது. மனைவி பூங்கொடி. ஒரே மகள் பிருந்தா சென்னையில் இருக்கிறாள். டிவிக்கோ சினிமாவுக்கோ எழுதுகிற வேலை. என்ன எழுதுகிறாள் என்று நான் கேட்டதில்லை. அது அவள் இஷ்டம்.

நேற்று ஆடிப் பதினெட்டு. அவள் வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. வேலை அதிகமாம்.

பூங்கொடி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்: “ஆவணி பொறந்தா எங்கண்ணன் காங்கயத்து ஜாதகத்தத் தூக்கிட்டு வந்துருவாரு. என்னன்னு பதில் சொல்றதுங்க?”

“பிருந்தாவக் கேளு” என்றேன்.

“அவ உங்களக் கேக்கச் சொல்றா.”

வீட்டில் ஜனநாயகம் இருந்தால் இந்தத் தொல்லைதான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கடையில் வேலை ஓடவில்லை. என்னிடம் காயில் சுற்றுகிற சம்பத்து ஏதோ தொடர் பார்க்கிறானாம். ‘இருட்செவி’ என்று பேர். டிவியில் வருவதில்லை, பணம் கட்டிப் பார்க்கிற ஆப்பில் வாராவாரம் வெள்ளிக்கிழமை ஒரு பாகம் வருகிறது. கம்பி சுற்ற வேண்டிய ஸ்டேட்டரைப் பிரித்துப் போட்டுவிட்டு, மோட்டார் கொண்டுவந்த தோட்டக்காரருக்கு முழுக் கதையும் சொன்னான். மோட்டார் அப்படியே கிடந்தது. தோட்டக்காரரும் அவசரப்படவில்லை.

கதை இது. ஒரு பெண் பகலில் போன் கம்பெனியில் புகார் கேட்கிற வேலை பார்க்கிறாள். யாராவது மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் வேறொன்றைச் சொன்னால் அவள் காதில் ரத்தம் வரும். ராத்திரியில் கறுப்பு மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு அப்படிப் பேசியவர்களைத் தேடிப் போய் அடிக்கிறாள். முதல் பாகத்தில் மலக்குழியில் ஆளை இறக்கிச் சாகடித்த காண்டிராக்டர். இன்று வந்த இரண்டாம் பாகத்தில், பிள்ளைகளைச் சாதி பார்த்து வரிசை பிரித்து உட்கார வைத்த பள்ளிக்கூடத்துத் தாளாளர்.

“மழைக்கோட்டு எதுக்குடா? இங்க மழை எங்க பெய்யுது?” என்று கேட்டேன்.

“அதுதாங்ணா குறியீடு” என்றான் சம்பத்து. ஐ.டி.ஐ. படித்தவன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மத்தியானம் பூங்கொடியே அந்தத் தொடரை டிவியில் வரவழைத்துவிட்டாள். ரிமோட்டில் சத்தம் கூட்டுவதற்கே என்னைக் கூப்பிடுகிறவள், பாஸ்வேர்டு எல்லாம் போட்டாள். எங்கே கற்றாய் என்றதற்கு, சும்மா என்றாள்.

இரண்டு பாகமும் பார்த்தோம். எல்லாக் காட்சியும் இருட்டு. ஹீரோயின் வீட்டில் டியூப்லைட்டைக் கழற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. மலக்குழிக் காட்சியில் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்தபோதும் முடியவில்லை. மறுபடி தண்ணீர் குடித்தேன்.

கதை ஓடும்போது வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பூங்கொடி, கடைசியில் பெயர்கள் ஓடும்போது கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். யாரும் பார்க்காத இடம் அது. ‘வசனம்: பூ. பிருந்தா’ என்று ஒரு பேர் போனது.

தமிழ்நாட்டில் பிருந்தாக்களுக்குப் பஞ்சமில்லை. எங்கள் பிருந்தாவின் இனிஷியல் ‘செ’.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி பிறந்துவிட்டது. நேற்று மூன்றாம் பாகம் வந்ததாம். சம்பத்து இன்று கதை சொல்லவில்லை. என்னடா என்றேன். “நீங்களே பாருங்ணா” என்றான். என்னைப் பார்த்தான், பிறகு ஸ்டேட்டரைப் பார்த்தான்.

பேக்கரியில் டீ குடிக்கப் போனால் அங்கேயும் இதே பேச்சு. பால் வண்டி ஓட்டுகிறவர் ஒருவர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, “காண்டிராக்டரக் கூட மன்னிச்சு உட்றலாமுங்க. அந்த அப்பன உடக் கூடாது” என்றார்.

“அவன் என்னங்க பண்ணுனான்?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமே பண்ல. அதாங்க பயமா இருக்குது.”

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மூன்றாம் பாகம் பார்த்தேன். பிரமாதம் என்று சொல்ல முடியாது. இயல்பாக இல்லை.

ஒரு வீடு. பனியன் போட்ட அப்பா தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பேப்பரை எட்டாக மடித்துத் தொடைக்கு அடியில் வைத்திருக்கிறார். எந்த வீட்டில் அப்படி வைக்கிறார்கள்? (இதை எழுதும்போது என் பேப்பர் பறக்காமலிருக்க அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன். அது ஃபேன் காற்றுக்காக.) மகள் வந்து, ‘அப்பா, எனக்கு ஒருத்தரப் புடிச்சிருக்கு, நம்ம ஆளுங்க இல்ல’ என்கிறாள். அப்பா சட்னி கேட்கிறார். சட்னி வருகிறது. தொட்டுக்கொள்கிறார். பிறகு, “உன்ற இஷ்டம் கண்ணு” என்கிறார். பாதித் தோசையை வைத்துவிட்டுக் கை கழுவப் போகிறார்.

அவ்வளவுதான். திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆனால் மூன்று தெரு தள்ளிப் போய்க்கொண்டிருந்த மழைக்கோட்டுக்காரி இரண்டு காதிலும் ரத்தம் கொட்டி நடுரோட்டில் விழுகிறாள். காண்டிராக்டருக்குக்கூட ஒரு காதுதான். அவள் அந்த வீட்டுக்கு வந்து அப்பாவின் எதிரில் நிற்கிறாள். கையை ஓங்குகிறாள். எதற்காக அடிப்பது என்று தெரியாமல் திரும்பிப் போய்விடுகிறாள். அவள் தோற்கிற முதல் இடம் இதுதானாம்.

படம் முடிந்ததும் என் கருத்தைச் சொன்னேன். ‘உன் இஷ்டம்’ என்றால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கு எதற்கு ரத்தம்?

“பொறவு எதுக்குங்க அன்னிக்கு பாதித் தோசைய வெச்சுட்டு எந்திரிச்சீங்க?” என்றாள் பூங்கொடி.

எனக்கு அன்று வயிறு சரியில்லை. அதையும் எழுதிவிடுகிறேன், டாக்டர் சொன்னாரே. போன வருஷம் மாசியில் பிருந்தா வந்திருந்தபோது இன்பராஜ் என்று ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். ஒலிப்பதிவு செய்கிறவன். திண்டிவனம் பக்கம். நம்ம ஆளுங்க இல்லை. நான் அந்த இடத்திலேயே என் சம்மதத்தைத் தெரிவித்தேன். என்ன வார்த்தை சொன்னேன் என்பது முக்கியமில்லை. அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மனசு மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. அவள் விஷயத்தில் நான் தலையிடுவதில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஊரில் யாரும் மற்ற வேலை பார்ப்பதாகத் தெரியவில்லை.

திருப்பூர் பஸ்ஸில் படியில் தொங்கிய பையனிடம் கண்டக்டர், “உள்ள வாறயா இல்லியா? உன்ற இஷ்டம் கண்ணு” என்றார். பஸ்ஸே சிரித்தது. பையன் உள்ளே போய்விட்டான்.

சலூனில் இரண்டு கட்சி. அப்பா பாவம், அவர் என்ன தப்பாகச் சொல்லிவிட்டார் என்று ஒரு கட்சி. எல்லாரும் ஐம்பது தாண்டியவர்கள். எதிர்க்கட்சியில் மற்ற எல்லாரும். பாதிச் சவரத்தில் இருந்த ஒருவர் சோப்பு நுரையோடு சொன்னார்: “நான் காலேஜ் போறேன்னதுக்கு எங்கப்பன் இதே வார்த்தையத்தான் சொன்னாரு. இருவது வருசமா தறி ஓட்டிட்டிருக்கறன்.” அப்புறம் கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது.

சாயங்காலம் கடைக்கு ஒருவர் எரிந்த மோட்டாரோடு வந்தார். காயில் கட்டலாமா, புதுசே வாங்கிவிடலாமா என்று யோசனை கேட்டார். “உங்க இஷ்டமுங்க” என்றேன். சம்பத்து ஸ்பேனரைக் கீழே போட்டான். வந்தவர் என் முகத்தையே பார்த்துவிட்டு, “ஏனுங்க, கோவமா?” என்றார். முப்பது வருஷமாக எல்லா வாடிக்கையாளரிடமும் இதைத்தான் சொல்கிறேன். முப்பது வருஷமாக யாரும் புது மோட்டார் வாங்கியதில்லை. அது ஏனென்று இன்றுதான் யோசித்தேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நாச்சிமுத்து மச்சான் வந்தார். பூங்கொடிக்கு அண்ணன், எங்கள் சாதிச் சங்கத்தில் ஒன்றியப் பொருளாளர். இரண்டு விஷயம் கொண்டுவந்தார்.

ஒன்று, காங்கயத்து ஜாதகம். ஒன்பது பொருத்தம். பத்தாவதையும் ஜோசியரிடம் பேசிக்கொள்ளலாமாம்.

இரண்டு, திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டு முன்னால் ஆர்ப்பாட்டம்.

“அப்பனுங்களையெல்லாம் கேவலப்படுத்தறானுங்க மாப்ள. அந்த ஆளு பேசறது நம்மூருப் பேச்சு. ‘உன்ற’ங்கறான். வேற எந்த ஊர்ல ‘உன்ற’ம்பாங்க? நம்மளத்தான் சொல்றானுங்க.”

“நீங்க பாத்தீங்களா மச்சா?”

“அந்தக் கருமத்த நான் எதுக்குப் பாக்கறேன்? ரெண்டு தடவ பாத்தேன்.”

நான் பேச வேண்டுமாம். “இந்த ஊருல உங்களாட்டம் சாந்தமான அப்பன் எவன் இருக்கான்? மக சென்னைல தனியா இருக்குது, ஒரு வார்த்த கேட்டிருப்பீங்களா? உங்கள மாதிரி ஆளுதான் மைக்குல நிக்கோணும்.”

எனக்கு மைக் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதைச் சொல்லியிருக்க வேண்டும். “உங்க இஷ்டம் மச்சா” என்றேன்.

சமையலறையில் பூங்கொடி சிரித்த சத்தம் கேட்டது. கல்யாணமான புதிதில் ஒருமுறை அப்படிச் சிரித்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

ஆர்ப்பாட்டம் நடந்தது.

பேனர் அடிக்கிறவனிடம் ‘தந்தையரை இழிவுபடுத்தும் தொடரைத் தடை செய்’ என்று எழுதச் சொன்னார்களாம். அவன் அழகாக இருக்கட்டும் என்று அந்தப் பனியன் அப்பாவின் படத்தையே ஆள் உயரத்துக்குப் போட்டுவிட்டான். காலேஜ் பையன்கள் வரிசையில் நின்று பேனர் முன்னால் செல்பி எடுத்தார்கள். கூட்டத்தைப் பார்த்து மச்சானுக்கு ஒரே பெருமை.

மச்சான் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டைப் பார்த்து நாலு வரி வாசித்தேன். நன்றாகத்தான் போனது. இறங்கும்போது லோக்கல் சேனல் பெண் ஒருத்தி மைக்கை நீட்டினாள்.

“ஐயா, உங்களுக்குப் பொண்ணு இருக்காங்களா?”

“இருக்குதுங்க. ஒரே பொண்ணு.”

“அவங்க வேற சாதியில ஒருத்தரப் புடிச்சிருக்குன்னு வந்து சொன்னா, நீங்க என்ன சொல்வீங்க?”

துண்டுச்சீட்டில் இதற்குப் பதில் இல்லை. நானாகச் சொன்னேன்.

“அதுக்கென்னுங்க. அது அவளோட இஷ்டமுங்க.”

கரண்டு போனால் தறிக்கூடத்தில் ஒரு அமைதி வருமே, அப்படி வந்தது. முன்வரிசையில் நின்ற ஒரு பையன் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு கீழே விழுந்தான். அடுத்து இன்னொருவன் விழுந்தான். பிறகு செல்பி எடுக்க வந்தவர்கள் மொத்தமும். பாதுகாப்புக்கு வந்திருந்த போலீஸ்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

மச்சான் என் காதருகில் வந்து, “என்ன மாப்ள இப்புடிப் பண்ணிப்போட்டீங்க?” என்றார்.

நான் என்ன பண்ணினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

தமிழ்நாடு முழுக்க என் முகம் போகிறது. ‘அசல் வில்லன் கிடைத்துவிட்டார்’ என்று தலைப்பு. சம்பத்து கீழே வந்த கருத்துகளைப் படித்துக் காட்டினான். நான்தான் கேட்டேன். நடிகரைவிட இவர் நன்றாக நடிக்கிறார் என்று ஒருவர். இந்த ஆள் மகள் பாவம் என்று பலர். ‘இவர் மகள் உயிரோடு இருக்கிறாளா, யாராவது விசாரியுங்கள்’ என்று ஒருவர்.

அந்தக் கடைசிக் கருத்துக்கு மேல் சம்பத்து வாசிக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று போய்விட்டான்.

என் மகள் உயிரோடுதான் இருக்கிறாள். பொங்கலுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 28, புதன்

சாயங்காலம் பிருந்தா போன் செய்தாள். எப்போதும் அம்மாவுக்குத்தான் செய்வாள். இன்று என் போனில் அவள் பெயர் வந்ததும் தவறிப்போய் அழுத்திவிட்டாளோ என்று இரண்டு மணி அடிக்க விட்டுத்தான் எடுத்தேன்.

“அப்பா, அந்த வீடியோவ நீக்கச் சொல்லிப் பேசிட்டிருக்கோம். ரொம்ப மோசமா எழுதறாங்க. மன்னிச்சிருங்கப்பா.”

“நீ எதுக்கு அம்மணி மன்னிப்புக் கேக்கற?”

“அந்தப் பாகத்த எழுதுனது நான்தான்.”

“தெரியும்.”

“அம்மா சொன்னாங்களா?”

“பேருக்கு முன்னால உங்கம்மாளோட ‘பூ’ போட்டிருந்துச்சே.”

பூங்கொடி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள்.

“கோவமாப்பா?”

வாயில் ஒரு வார்த்தை தயாராக வந்து நின்றது. அதைத் தவிர வேறு இருக்கிறதா என்று தேடினேன். சரக்கு இல்லை. அதற்குள் அவளே பேசினாள்.

“இன்பராஜும் நானும் இன்னும் ஒண்ணாத்தாம்ப்பா இருக்கோம். நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு தெரியாமத்தான் ஒண்ணரை வருசமா கல்யாணத்தத் தள்ளிப் போட்டுட்டு வர்றேன். அவங்க வீட்லயும் கேக்கறாங்க. இப்பவாவது சொல்லுங்க.”

“எனக்குப் புடிக்கல” என்றேன்.

சொன்ன பிறகுதான் இது இத்தனை நாளாக எங்கே இருந்தது என்று தெரிந்தது. இனி நிறுத்தவும் முடியவில்லை.

“புடிக்கல அம்மணி. உங்க மாமன் என்ன பேசுவாரோன்னு பயமா இருக்குது. கோயில் பூசைக் கட்டளையில நம்ம பேர எடுத்துருவாங்க. கடைக்கு வர்றவன்லாம் கேப்பான். ஆனா நீ அந்தப் பையனக் கட்டிக்கறதுன்னா நான் வர்றேன். பக்கத்துல நின்னு பண்ணி வெக்கறேன். ரெண்டும் நெசம்.”

அவள் அழுதாள். திட்டுகிற மாதிரி அழுதாள்.

“இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் உங்களோட சண்டை போட்டிருப்பேன்.”

“போட்டிருக்க வேண்டியதுதான?”

“இஷ்டம்னு சொல்றவங்களோட எப்படிங்கப்பா சண்டை போடறது?”

இப்போது போடு என்றேன். போட்டாள். நேரம் போனதே தெரியவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. கோயில் கட்டளை என்பது என்ன பெரிய விஷயம் என்றாள், அதெல்லாம் உனக்குத் தெரியாது என்றேன். நடுவில் பூங்கொடி போனைப் பிடுங்கி அவள் பங்குக்கு எங்கள் இரண்டு பேரையும் திட்டினாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

நாச்சிமுத்து மச்சான் வந்தார். பிருந்தா கல்யாண விஷயத்தை நேரடியாகச் சொன்னேன். இனி இந்த வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டேன் என்றார், வாசற்படியில் நின்று. பூங்கொடி காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு மறுபடியும் அதையே சொல்லிவிட்டுப் போனார்.

வண்டியை எடுக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. பிருந்தாவுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்திருந்தவர். அதையும் எழுத வேண்டியதுதான்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பிரஷர் இறங்கவில்லை. டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார்.

செப்டம்பர் 8, ஞாயிறு. சென்னை

வடபழனியில் ஒரு ஓட்டலின் மேல்மாடியில் இரண்டு குடும்பமும் சந்தித்தோம். இன்பராஜ் ஒல்லியாக இருக்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்தவன் உட்காரவே இல்லை. உட்காருங்க தம்பி என்றால், பரவால்லங்க சார் என்கிறான். என்னை வீடியோவில் பார்த்திருப்பான் போலிருக்கிறது.

அவன் அப்பா ஏழுமலை. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் புடவைக் கடை பற்றிப் பேசிக்கொண்டு கீழே போனார்கள். பிள்ளைகளும் போனார்கள். நாங்கள் இருவரும் ஒரு தண்ணீர் ஜாடியும் மிச்சம்.

“ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இந்தக் கல்யாணத்துல உடன்பாடு இல்ல” என்றார்.

“எனக்கும் இல்லீங்க.”

திரும்பி என்னை முதல் தடவையாகப் பார்த்தார். சம்பந்திகளுக்குள் ஒற்றுமை ஏற்பட்டுவிட்டது.

“உங்களுக்கு ஏன்?” என்றார். ஊர் பேசும் என்றேன். மச்சான், கட்டளை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். உங்களுக்கு என்னங்க காரணம் என்றேன்.

“உங்க பக்கத்துப் பொண்ணக் கட்டிக்கிட்டு எம் புள்ள உசுரோட இருக்கணுமே. ராத்திரியில தூக்கம் வரல எனக்கு.”

அவர் அதைச் சண்டை மாதிரி சொல்லவில்லை. ஸ்டாப்பிங் பேர் சொல்கிற மாதிரி சொன்னார். இரண்டு பேரும் பயப்படுகிறோம், ஒரே பயம்தான் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் பாருங்கள். தண்ணீர் ஊற்றிக் குடித்தேன். அவருக்கும் ஊற்றி வைத்தேன்.

அப்படியெல்லாம் ஒன்றும் நடக்காது என்று சொல்ல வாய் வந்தது. நடக்காது என்று எனக்கு எப்படித் தெரியும்? சொல்லவில்லை.

பல்லடத்தில் மண்டபம் பார்த்து வைத்திருந்தேன். ஊரில் தலை நிமிர்ந்து நடத்த வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே யோசனை. “கல்யாணம் உங்க பக்கமே வெச்சுக்கலாமுங்க. திண்டிவனத்துலயே. நாங்க வந்தர்றோம். அதுக்கப்புறம் ஒரு மாசம் நானும் சென்னைல இவங்ககூட இருக்கறேன். கடைய சம்பத்து பாத்துக்குவான்” என்றேன்.

நான் ஊற்றி வைத்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

“உங்க சைடுல எத்தன பேரு வருவாங்க? மண்டபம் சொல்லணும்.”

மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். “நானும் பூங்கொடியும். சம்பத்து வருவான். அவன் சம்சாரம் வந்தா நாலு.”

“பொண்ணு வீட்டு வரிசையில நாலு பேரா? போட்டோவுல நல்லா இருக்காதுங்களே” என்றார். கண்டக்டர் இல்லையா, காலி சீட்டைப் பார்த்தால் பொறுக்காது போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒண்ணு பண்ணலாம். எங்க ஆளுங்கள்ல ஒரு இருவது பேர உங்க வரிசையில உக்கார வைக்கிறேன். யாரு கேட்டாலும் பொண்ணுக்குச் சொந்தம்னு சொல்லுவாங்க” என்றார்.

நன்றாகச் சாப்பிடுகிற ஆட்களாகப் பார்த்து அனுப்பச் சொன்னேன்.